நாய்க்குட்டிக்கு ஒரு கேம்பஸ் இன்டர்வியூ!



ஃப்ரெண்டோட வீட்டு நாய் ஆறு குட்டி போட்டிருக்கு. 'உனக்கு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன் மச்சி, வந்து பாரு'ன்னு போன் வந்தாச்சு. நீங்களும் பைக் சாவியைத் தேட ஆரம்பிச்சாச்சு. அங்கே போனதும் என்ன நடக்கும்னு இப்பவே சொல்லட்டுமா? ஆறுல ஒண்ணு குடுகுடுனு ஓடி வந்து உங்க ஷூ லேஸைக் கடிச்சு இழுக்கும். 'இதுதான்டா நம்ம ஆளு!'ன்னு அந்த செகண்டே முடிவு பண்ணி, சட்டைக்குள்ள வெச்சுத் தூக்கிட்டு வந்துடுவீங்க. மொத்த நேரம், ரெண்டு நிமிஷம்.

செருப்பு வாங்க நாலு கடை ஏறி இறங்குறோம். மொபைல் வாங்குறதுக்கு முன்னாடி ஊர்ல இருக்கிற அத்தனை பேர்கிட்டயும் கருத்துக் கேக்குறோம். பத்துப் பன்னிரண்டு வருஷம் நம்ம வீட்ல சாப்பிட்டு, தூங்கி, வயசாகப் போற ஓர் உயிரை மட்டும் ரெண்டே நிமிஷத்துல செலக்ட் பண்ணலாமா? நியாயமா பாஸ்?

அதனால இந்த வாரம் நமக்கு நல்லாப் பழக்கமான ரூட்லயே போவோம். கேம்பஸ் இன்டர்வியூ! ரவுண்டு ரவுண்டா வடிகட்டுவோம். ஒரே ஒரு சின்ன மாற்றம். முதல் ரவுண்டு குட்டிக்கு இல்லை... உங்களுக்கு!

ரவுண்டு 1: கேண்டிடேட் நீங்கதான்!

ஒரே ஒரு கேள்வி. அந்த நாய் யாரோடது?

'என்னோடது'ன்னு சட்டுனு சொல்லாதீங்க. கணக்குப் போடுங்க. இன்னிக்கு உங்களுக்கு வயசு இருபதுன்னு வெச்சுக்குவோம். ஆரோக்கியமான நாய் பத்துல இருந்து பதிமூணு வருஷம் வாழும். நடுவுல நீங்க டிகிரி முடிப்பீங்க. பெங்களூரோ, புனேவோ வேலைக்குப் போவீங்க. நாலு பேர் ஷேர் பண்ற ரூம்ல நாய்க்கு ஏது இடம்? அப்போ நாய் யாரோட இருக்கும்? காலையில அஞ்சரைக்கு எழுந்து வாசல் தெளிக்கிற அம்மாவோட. பேப்பர் படிச்சிட்டு உக்காந்திருக்கிற தாத்தாவோட.

"ம்மா... ஒரு நாய்க்குட்டி..."

"மூணு மாசம் நீ கொஞ்சுவே. அப்புறம் பீ அள்ளுறது யாரு? நான்தான். குடிச்ச டம்ளரை எடுத்து சிங்க்ல போடத் துப்பில்ல, வந்துட்டான் நாய் வளர்க்க!"

கேக்க எரிச்சலா இருக்கும். ஆனா, வீட்லயே சரியான கணக்கு போட்டது அம்மாதான். ஸோ, இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விஷயம் மட்டும்தான் உங்க ஞாபகத்துல நிக்கும்னா, அது இதுவா இருக்கட்டும்: நீங்க ஊர்ல இல்லாதப்போ அந்த நாயோட யார் இருக்கப்போறாங்களோ, அவங்களுக்காகத்தான் குட்டி எடுக்கணும். உங்களுக்காக இல்லை.

இப்படி யோசிச்சாலே பாதிக் குழப்பம் போயிடும். பாட்டிக்கு முட்டி வலியா? முப்பது கிலோ லாப்ரடார் பாசத்துல பாய்ஞ்சா பாட்டி படுத்த படுக்கைதான். அம்மா சாயங்காலம் டியூஷன் எடுக்கிறாங்களா? பத்துப் பதினஞ்சு பசங்க வந்து போற வீட்டுக்கு, வெளியாளை லேசுல ஏத்துக்காத காவல் நாய் சரிப்படாது. 2005-ல் தபால் தலையிலேயே வந்த நம்ம ராஜபாளையம் கம்பீரத்துல கிங். ஆனா, தோட்டம் துரவுன்னு காவல் காத்துப் பழகின பரம்பரை அது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைத் துரத்தி ஓடின வம்சம். அதை ரெண்டாவது மாடி ஃப்ளாட்ல கட்டிப் போட்டா, உங்க சோபா பஞ்சு பஞ்சாயிடும். பாவம், அது மேல தப்பில்லை.

அதே மாதிரி விளம்பரத்தைப் பார்த்தும் முடிவு பண்ணாதீங்க. 2003-ல் ஹட்ச் விளம்பரத்துல ஒரு பக் நாய் சின்னப் பையன் பின்னாடியே ஓடினதும், ஊரே பக் வேணும்னு அலைஞ்சுது. சப்பை மூக்கு அழகுதான். ஆனா, அந்த மூக்காலதான் அதுக்கு மூச்சு விடவே கஷ்டம். வெயில் காலத்துல இன்னும் மோசம். பனியில வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியைக் கத்திரி வெயில்ல வளர்க்கிறதும் இதே கதைதான்.

வீட்ல ஒருத்தர் 'வேண்டவே வேண்டாம்'னு உறுதியா சொன்னாக்கூட, இந்த ரவுண்டுல நீங்க அவுட். ஹவுஸ் ஓனரையும் சேர்த்துத்தான் சொல்றேன். 'எடுத்துட்டு வந்துட்டா எல்லாம் சரியாயிடும்'னு கமுக்கமா தூக்கிட்டு வந்த குட்டிங்கதான் ஆறே மாசத்துல தெருவுக்கு வருது.

ரவுண்டு 2: குட்டியோட பயோடேட்டா, அதோட அம்மா!

குட்டியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி தாய் நாயைப் பாருங்க. குட்டிக்கு அது கொடுக்கிறது ரத்தத்தை மட்டுமில்ல, பழக்கத்தையும்தான். அழைப்பு மணி அடிச்சா அது என்ன பண்ணுது? ரெண்டு தடவை குரைச்சிட்டு, வீட்டுக்காரர் 'நம்ம ஆளுதான்'னு சொன்னதும் அடங்குதா? சூப்பர். கட்டிலுக்கு அடியில போய் நடுங்குதா? இல்ல, சங்கிலியே அறுந்துபோற மாதிரி பாயுதா? குட்டி போட்ட தாய்க்குக் கொஞ்சம் கோபம் இருக்கத்தான் செய்யும். அதுக்கு சலுகை கொடுக்கலாம். ஆனா, சொந்த வீட்டு ஆளுங்க கையைப் பார்த்தே மிரளுற தாயோட குட்டியை எடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க.

'தாய் ஊர்ல இருக்கு சார், குட்டி மட்டும்தான் இங்கே'ன்னு ஒருத்தர் சொன்னா? பைக்கைத் திருப்புங்க. வேற பேச்சே வேண்டாம்.

அடுத்தது, குட்டி எங்கே வளர்ந்துச்சு? இதுக்கு ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கு. அமெரிக்காவுல ஃப்ரீட்மேன், கிங், எலியட்னு மூணு பேர். 1961-ல் வெளியான ஆய்வு. நாய்க்குட்டிகளை மனுஷ வாடையே இல்லாம வேலி போட்ட மைதானத்துல விட்டு வளர்த்தாங்க. சில குட்டிகளை மட்டும் இந்தந்த வயசுல ஒரு வாரம் எடுத்து மனுஷங்களோட பழக விட்டாங்க. பதினாலு வாரம் வரைக்கும் மனுஷங்களோட பழகவே விடாத குட்டிங்க, காட்டு மிருகம் மாதிரி ஆளைக் கண்டாலே மிரண்டுச்சு. அப்புறமா பழக்கிப் பார்த்தும் பெருசா பிரயோஜனம் இல்லை.

ஆக, மூணாவது வாரத்துல இருந்து பன்னிரண்டு, பதினாலாவது வாரம் வரைக்கும் குட்டியோட மனசுல ஒரு ஜன்னல் திறந்திருக்கு. அந்த நேரத்துல பார்த்தது, கேட்டதெல்லாம் 'நம்ம சமாச்சாரம்'. பார்க்காததெல்லாம் 'ஆபத்து'. மிக்ஸி சத்தம், குக்கர் விசில், எதிர் வீட்டு வாண்டு, காய்கறிக்காரர் குரல்னு எல்லாத்துக்கும் நடுவுல அடுப்படி மூலையில வளர்ந்த குட்டி பாதி ட்ரெயினிங் முடிச்ச கேண்டிடேட். கொல்லைப்புற ஷெட்டுல இருட்டுல அடைஞ்சு கிடந்த குட்டி எவ்வளவு அழகா இருந்தாலும் அந்த ஜன்னல்ல பாதி மூடியாச்சு.

அப்போ சீக்கிரமே தூக்கிட்டு வந்துடலாமேன்னு கேக்குறீங்களா? அங்கேதான் ட்விஸ்ட்! கண்ணு திறக்கும்போதே எடுத்துட்டு வந்து பால் பாட்டில்ல வளர்த்தா பாசம் ஜாஸ்தியா இருக்கும்னு நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை. தப்பு. கூடப் பிறந்ததை அழுத்திக் கடிச்சா அது 'வீல்'னு கத்திட்டு விளையாட்டை நிறுத்திடும். 'ஓஹோ, இவ்வளவு கடிக்கக்கூடாது போல'ன்னு குட்டி கத்துக்குற ஸ்கூல் அதுதான். அந்த ஸ்கூலுக்குப் போகாத குட்டி உங்க தங்கச்சியோட விரல்லதான் பாடம் படிக்கும். எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக்கூடாதுன்னு 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளே சொல்லுது. ஸோ, எட்டு வாரம் முடியட்டும். அதுக்கப்புறம் ரொம்பத் தள்ளிப் போடாதீங்க.

ரவுண்டு 3: குரூப் டிஸ்கஷன்

குட்டிங்களுக்கு நடுவுல போய் உக்காந்து கொஞ்ச ஆரம்பிக்காதீங்க. தள்ளி உக்காந்து கால் மணி நேரம் சும்மா பாருங்க. ஒவ்வொருத்தரும் யாருன்னு தானாவே தெரிஞ்சிடும்.

முந்திரிக்கொட்டை: உங்க ஷூ லேஸைக் கடிச்சதே, அவர்தான். எல்லாரையும் மிதிச்சிட்டு முதல்ல வருவார். 'என்னைத் தேடி வந்துச்சு'ன்னு நீங்க உருகுவீங்க. உங்களுக்கு அப்புறம் பால்காரர் வந்தாலும் அவர் லேஸையும் இப்படித்தான் கடிப்பார். நேரமும் தெம்பும் இருக்கிற வீட்டுக்கு ஓகே. பாட்டி தனியா இருக்கிற வீட்டுக்கு, ம்ஹூம்.

ரவுடி: தட்டுல காலை வெச்சுக்கிட்டு மத்தவங்களை விரட்டுறவர். தாய் உறுமினாலும் அடங்க மாட்டார். முதல் தடவையா நாய் வளர்க்கிறவங்க ஒரு கும்பிடு போட்டு நகர்ந்துடுங்க.

மூலை: சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டு இருப்பார். பார்த்தா நெஞ்சு உருகும். 'நான் அன்பா வளர்த்தா சரியாயிடும்'னு தோணும். சரியாகலாம். ஆனா, அதுக்குப் பொறுமையும் அனுபவமும் வேணும். பத்து டியூஷன் பசங்க கத்துற வீட்ல அது தினம் தினம் பயத்துலயே வாழும். பயந்த நாய்தான் கடிக்கும். பரிதாபம் நல்ல குணம், நல்ல செலக்‌ஷன் இல்லை.

சவலை: எல்லாரையும் விடச் சின்னது. பால் கிடைக்காம நோஞ்சானா இருந்திருந்தா அப்புறமா தேறிடும். ஏதாவது நோய்னா கஷ்டம். அதை டாக்டர் சொல்லணும், நம்ம கண்ணு சொல்லாது.

நடுவுல ரெண்டு: கொஞ்சம் விளையாடும். கொஞ்சம் வேடிக்கை பார்க்கும். மூணாவதா, நாலாவதா வந்து உங்க கையை மோந்து பார்க்கும். தூக்கினா ஒரு தடவை நெளிஞ்சிட்டு அடங்கும். யார் கண்ணுலயும் சட்டுனு படாது. கிளாஸ்ல மூணாவது பெஞ்ச்ல உக்காந்து சத்தமில்லாம எண்பது பர்சென்ட் வாங்குற பார்ட்டி. பெரும்பாலான குடும்பங்களுக்கு இவர்தான் சரி.

ஒரே தடவை பார்த்து முடிவு பண்ணாதீங்க. வயிறு முட்டச் சாப்பிட்ட ரவுடியும் சாது மாதிரிதான் தூங்குவார். ரெண்டு நாள் விட்டு வேற நேரத்துல இன்னொரு தடவை போங்க.

அப்புறம், கூடவே ஒரு 'எக்ஸ்பர்ட்' பெரியப்பா வருவார். காதைப் பிடிச்சுத் தூக்கி, கத்தலைன்னா வீரமான ஜாதிம்பார். அது வீரமில்லை, சித்திரவதை. நகத்தை எண்ணி, பதினெட்டா இருபதான்னு பார்த்து அதிர்ஷ்டம் சொல்வார். பின்னங்கால்ல ஒட்டு நகம் இருந்தா இருபது, இல்லைன்னா பதினெட்டு. அவ்வளவுதான். உங்க வீட்டு ராசிக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது.

ரவுண்டு 4: தனி இன்டர்வியூ

இந்த ரவுண்டுக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. கேள்வி கேக்கப் போறது அவங்கதான்.

நடுவுல இருந்த அந்த ரெண்டு குட்டியையும் ஒவ்வொண்ணா வேற ரூமுக்கு, அது பார்க்காத இடத்துக்குத் தூக்கிட்டு வரணும். கீழே விட்டுட்டு அம்மா நாலடி தள்ளி உக்காரட்டும். வருதா? மெதுவா வந்தாலும் பாஸ். எழுந்து நடந்தா பின்னாடியே வருதா? ஒரு பேப்பரைக் கசக்கி உருட்டி விடுங்க. போய்ப் பார்க்குதா? கவ்விட்டு உங்ககிட்டயே வந்தா போனஸ் மார்க். அம்மா மடியில மல்லாக்கப் படுக்க வெச்சு, லேசா கை வெச்சு அரை நிமிஷம் பிடிக்கட்டும். திமிறிட்டு அடங்குதா, கடைசி வரைக்கும் கடிச்சுப் போராடுதா, இல்ல விறைச்சுப் போகுதா? பாதம், காது, வாய் எல்லாத்தையும் தொட்டுப் பாருங்க. நாளைக்கு நகம் வெட்டணும், மருந்து ஊத்தணும் இல்லையா?

கடைசியா, கொஞ்ச தூரத்துல சாவிக்கொத்தைக் கீழே போடுங்க. பதறினா பரவாயில்லை. எல்லாக் குட்டியும் பதறும். அதுக்கப்புறம் எத்தனை நேரத்துல நிதானத்துக்கு வருதுங்கிறதுதான் மேட்டர். பத்து செகண்ட்ல 'என்னடா அது'ன்னு மோந்து பார்க்கப் போற குட்டி, நாளைக்குத் தீபாவளியையும் ஓரளவு தாங்கிடும்.

ஒரு உண்மையையும் சொல்லிடணும். இந்த டெஸ்ட் ஒண்ணும் ஜாதகம் இல்லை. 1998-ல் ஸ்வீடன்ல வில்சன், சுண்ட்கிரென்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 630 ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டிகளை எட்டு வாரத்துல டெஸ்ட் பண்ணி, அதுங்க வளர்ந்தப்புறம் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. எட்டு வார மார்க்கை வெச்சு பெருசானா எப்படி இருக்கும்னு கணிக்க முடியலை. நம்ம பிளஸ் டூ மார்க் மாதிரிதான்! அப்போ எதுக்கு இந்த ரவுண்டு? ரொம்ப மிரளுற, ரொம்பக் காது கேக்காத, தொட்டாலே வலியில கத்துற குட்டியைக் கண்டுபிடிக்க உதவும். மீதி எல்லாம் வளர்ப்பு.

ரவுண்டு 5: மெடிக்கல்

கண்ணு பளிச்சுனு இருக்கணும், பீளை கூடாது. காதுல நாத்தம் வரக்கூடாது. ஈறு இளஞ்சிவப்பா இருக்கணும். வெளிறியிருந்தா கொக்கிப்புழுவோ உண்ணியோ ரத்தம் குடிக்குதுன்னு அர்த்தம். உடம்பு ஒல்லியா, வயிறு மட்டும் பானை மாதிரின்னா அது செழிப்பு இல்லை, குடல் புழு. தொப்புள்ல புடைப்பு, வாலுக்குக் கீழே ஈரம், சொட்டை சொட்டையா முடி... எல்லாத்தையும் பாருங்க. வெள்ளை ராஜபாளையம்னா குட்டிக்குத் தெரியாம அதுக்குப் பின்னாடி கை தட்டிப் பாருங்க. அந்த இனத்துல பிறவிச் செவிடு வர்றது உண்டு.

தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்க. ஆறுல இருந்து எட்டு வாரத்துக்குள்ள முதல் ஊசி. பதினாறு வாரம் வரைக்கும் சில வாரத்துக்கு ஒரு தடவை அடுத்தடுத்த ஊசி. மூணாவது மாசத்துல ரேபிஸ் ஊசி. 'ஒரு ஊசி போட்டாச்சே'ன்னு விட்டவங்க வீட்லதான் பார்வோ வந்து, ரத்தமா பேதியாகி ரெண்டு மூணு நாள்ல குட்டி போயிடும். அந்த வைரஸ் மாசக்கணக்குல தரையிலயே இருக்கும். ஏற்கெனவே ஒரு குட்டி அப்படிச் செத்த வீடுன்னா, ஊசி எல்லாம் முடிச்ச குட்டியை மட்டும் கொண்டு வாங்க.

இன்னொண்ணு, சீரியஸா. 'குட்டிதானே, பால் பல்லுதானே, கடிச்சா ஒண்ணும் ஆகாது'ன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. குட்டிக்கும் ரேபிஸ் வரும். வந்துட்டா மனுஷன் பிழைக்கிறது கிட்டத்தட்ட கிடையாது. ஊசி போடாத குட்டி பல்லோ நகமோ பட்டு ரத்தம் வந்தா, சோப்பு போட்டு ஓடுற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி. அரசு ஆஸ்பத்திரியில இலவசமாவே ஊசி போடுறாங்க. மஞ்சள், சுண்ணாம்பு வைத்தியம் எதுவும் வேண்டாம்.

ஆஃபர் லெட்டர்!

எல்லா ரவுண்டும் க்ளியரா? வாழ்த்துகள்! ஒண்ணே ஒண்ணு எடுங்க. 'ரெண்டு எடுத்தா ஒண்ணுக்கொண்ணு துணை'ம்பாங்க. ரெண்டும் அதுபாட்டுக்கு ஒரு டீமாயிடும், அம்மா பேச்சை யாரும் கேக்க மாட்டாங்க. தாய் படுத்திருந்த துணியில ஒரு துண்டு வாங்கிட்டு வாங்க, முதல் ராத்திரி அழுகை கொஞ்சம் குறையும். ஜன்னல் மூடுறதுக்குள்ள இன்னும் சில வாரம்தான் இருக்கு. அதுக்குள்ள குடை, ஹெல்மெட், ஆட்டோ, தாடி வெச்ச மாமான்னு எல்லாத்தையும் காட்டுங்க. ஊசி முடியிற வரைக்கும் தெருவுல இறக்கி விடாம, கையில தூக்கி வெச்சுக்கிட்டே காட்டுங்க.

ஆறுல ஒண்ணுகூட உங்க வீட்டுக்குப் பொருந்தலையா? வெறும் கையோட திரும்பி வாங்க. அதுல ஒரு அசிங்கமும் இல்லை. 1959-ல் சென்னையில ஆரம்பிச்ச ப்ளூ கிராஸ் மாதிரி அமைப்புகள்ல தத்துக்குக் குட்டிங்க காத்திருக்கு. நம்ம தெருக் குட்டிக்கு இந்த வெயிலும் இந்த மண்ணும் பரம்பரையாப் பழக்கம். அதுக்கும் இதே ரவுண்டுகள்தான், இதே மரியாதைதான். குட்டியா எடுக்கணும்னுகூட இல்லை. ரெண்டு வயசு நாயோட குணம் ஏற்கெனவே தெரிஞ்ச குணம். தாத்தா, பாட்டி மட்டும் இருக்கிற வீட்டுக்கு அது குட்டியை விடப் பொருத்தமா இருக்கும்.

நீங்க செலக்ட் பண்ணினது சரியா, தப்பான்னு அந்த வாரமே தெரியாது. மூணு வருஷம் கழிச்சு வேற ஊர்ல இருந்து வீட்டுக்கு போன் பண்ணும்போது தெரியும். "எப்பம்மா இதை யார்கிட்டயாவது குடுக்கப்போற?"ன்னு அம்மா கேட்டா, நீங்க ஃபெயில். "அப்புறம் பேசுறேன்டா, அதுக்கு வாக்கிங் டைம் ஆச்சு, வாசல்ல நின்னு கத்துது"ன்னு உங்க காலையே கட் பண்ணினா... டிஸ்டிங்ஷன்!

அடுத்த வாரம் மீட் பண்ணுவோம். அதுவரைக்கும், குடிச்ச டம்ளரை எடுத்து சிங்க்ல போட்டுப் பழகுங்க. முதல் ரவுண்டுல மார்க் கூடும்!